மாக் தெய்வாவின் நாலு தவறு

மாக் தெய்வா துடைப்பத்தைக் கையில் எடுத்தார். மேசை மேல் இருந்த குத்துவிளக்கைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி, தூங்குகிற பூனைக்குட்டியை இறக்குவது போல நாற்காலியில் வைத்தார். துடைப்பத்தோடு நேரே வாசலுக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் சாய்த்து நிறுத்தினார். வெளியே குழாயைத் திறந்து கை கழுவும் சத்தம் கேட்டது. கெபாயாச் சட்டை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சுடா," என்றார். மலாயில், ஆயிற்று என்று அர்த்தம்.

டேப்பில் அவருக்குச் சொல்லப்பட்டது அது இல்லை. 'துடைப்பத்தை எடுத்துக் குத்துவிளக்கின் பக்கத்தில் வையுங்கள்.' அதைச் சொன்ன குரலும் என் குரல்தான்.

"தவறு!" என்று மூலையில் தொங்கிய திரையைப் பார்த்துக் கத்தினேன்.

திரைக்குப் பின்னால் பென்சில் கீறும் சத்தம் வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை என் வாயில் சர்க்கரையாக இனித்தது. அதுவரை பிறர் என்னைப் பார்த்து மட்டுமே சொல்லி வந்த வார்த்தை அது. ஐந்தாம் வகுப்போடு வெளியே வந்தவன் இன்னொருவருக்குத் தவறு போடுகிறான் என்றால் சும்மாவா?

புரபசரம்மா வந்து இறங்கினார்

மலாக்காவை உண்டாக்கிய ராஜாவின் பெயர் பரமேஸ்வரா. பள்ளிக்கூடத்தில் நான் விழித்துக்கொண்டிருந்து கேட்ட ஒரே பாடம் அது. அதனால் சிங்கப்பூரிலிருந்து பரமேஸ்வரி என்று ஒரு மனோதத்துவப் பேராசிரியர் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் தெருவுக்கு வந்து இறங்கியபோது என் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"என்னம்மா, ஊரைத் திருப்பி வாங்கிக்கிட்டுப் போக வந்தீங்களா?"

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்து அம்மா. வெள்ளைச் சேலைக்குக் கீழே கான்வாஸ் சப்பாத்து.

"ஓம் தம்பி. முதலிலே இந்தப் பெட்டியைத் தூக்கும். ஊரைப் பிறகு பாப்பம்."

தூக்கினேன். தோள்பட்டை இறங்கிவிட்டது. அதுதான் டேப் ரிக்கார்டர். பெட்டி என்று பெயர், எடை என்னவோ ஆட்டுக்கல்.

என்னை அங்கே கூப்பிட்டதே அந்தப் பெட்டிக்காகத்தான். அப்போது நான் மைக் செட் மணியம். இரண்டு ஒலிபெருக்கி, ஒரு இரவல் வேன். கல்யாணம், திருவிழா, காணாமல் போன ஆடு, எல்லாவற்றையும் நான்தான் அறிவிப்பேன். எங்கள் தெருச் சங்கத்துக் கட்டடத்தில் இந்த அம்மாவுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். மின்சாரம் பற்றித் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த மின்சாரம், தொட்டால் அடிக்கும் என்பதுதான். இருந்தாலும் போய் நின்றேன்.

அது மெர்டேக்கா காலம், சுதந்திரம் வாங்கப் போகிற நேரம். திடலில் தலைவர்கள் பேசும்போது ஆயிரம் பேருக்கு நடுவில் நானும் நின்றிருக்கிறேன். பேச்சில் கால்வாசிகூடப் புரியாது. ஆனால் கை தட்டுவதில் நான்தான் முதல். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு தடவை, "தம்பி, இப்ப என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "ரொம்ப நல்லாச் சொன்னாருங்க," என்றேன். அவரும் தட்டினார்.

அந்தத் துள்ளல்

புரபசரம்மா எதைத் தேடி வந்தார் என்பது எனக்கு முதல் சனிக்கிழமை கொஞ்சம் விளங்கியது. சனி பின்னேரங்களில் ஆசிரியர் பயிற்சிக்காரர்கள் இருபது பேருக்கு அதே அறையில் பாடம் நடத்துவார். நான் பெட்டிக்குப் பக்கத்தில், அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்.

"நான் ஒரு வசனத்தைப் பாதியிலே விடுவன். நீங்கள் மனசுக்குள்ளே முடியுங்கோ," என்றார். "நேற்று மழையும் காத்தும். நடு ரோட்டிலே என்ரை குடை..."

நிறுத்தினார். இருபது வாயும் 'பறந்துருச்சு' என்று சொல்லத் தயாராகத் திறந்தன.

"...சிரிச்சது," என்றார்.

வகுப்பே துள்ளியது. ஒரு டீச்சர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"இந்தத் துள்ளல்தான் என்ரை வேலை," என்றார் புரபசரம்மா. "காது சும்மா வாங்கிக்கொண்டு இருக்கிறதில்லை. பேசுகிற ஆளுக்கு முன்னாலே ஓடிப் போய்ச் சந்தியிலே காத்து நிக்குது. பேச்சு வேறு பக்கம் திரும்பினால் துள்ளுது."

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. அவர் சின்ன வயதிலிருந்தே ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். வெள்ளைக்கார துரை பேசுகிற ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. துரையின் தொப்பி பின்னால் சரிந்திருந்தால் நல்ல சேதி. கைத்தடி பூட்ஸைத் தட்டினால் ஓட வேண்டும். முப்பது வருஷம் அப்படியே காலம் தள்ளினார். இதை வகுப்பில் சொல்லலாமா என்று பார்த்தேன். சொன்னால் நானும் படித்தவன் மாதிரி ஆகிவிடுவேனோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

பிஸ்கட் டின்னும் எட்டுச் சாமானும்

"வீட்டிலே இருக்கிற சாமான் எட்டு வாங்கி வாரும். பேர் தெரியாத சாமான் ஒண்டும் வேண்டாம்," என்று அனுப்பினார்.

ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குச் சைக்கிளில் போனேன். குத்துவிளக்கு, துடைப்பம், ஒரு ஜோடி செருப்பு, சோற்றுத் தட்டு, பித்தளைச் செம்பு, குடை, கூடை, ஒரு பாடப் புத்தகம். கடைக்காரச் செட்டியார் விளக்கைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தார். துடைப்பத்தையும் அதே பையில் செருகப் போனேன்.

"அட, இரு தம்பி!" என்று பையை இழுத்துக்கொண்டார். துடைப்பத்தையும் செருப்பையும் தனியாகக் கயிறு போட்டுச் சைக்கிள் பின்னால் கட்டினார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்புறம் நடந்ததற்கெல்லாம் 'எனக்குத் தெரியாது' என்று நான் சொல்ல முடியாது. எனக்கு முதல் நாளே தெரியும்.

சாமான்களுக்குப் புரபசரம்மா எண் போட்டார். எண்களைச் சீட்டில் எழுதி, காலி பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினார். இரண்டு இரண்டாக எடுத்தார். யாரும் முன்கூட்டியே ஊகித்துவிடக் கூடாதாம், அதற்குத்தான் குலுக்கலாம். அவர் தாளில் எல்லாமே எண்தான்: இரண்டு, ஒன்றின் பக்கத்தில். மூன்று, எட்டின் மேல். அதை வசனமாக்கித் தமிழில் ஒரு டேப், மலாயில் ஒரு டேப் பேசி வைப்பது என் வேலை. மொத்தம் பன்னிரண்டு வசனம்.

பேசும்போதே நாலு இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. துடைப்பம் விளக்கின் பக்கத்தில். செருப்பு புத்தகத்தின் மேல். செருப்பு சோற்றுத் தட்டில். துடைப்பம் செம்புக்குள். 'அம்மா, இந்த நாலும் நம்ம ஆளுங்ககிட்ட நடக்காது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாக் தெய்வா முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பரிசோதனை நடக்கும்போது புரபசரம்மா திரைக்குப் பின்னால் கடிகாரத்தோடு உட்காருவார். தன்னைப் பார்த்தால் ஜனங்கள் கூச்சப்படுவார்களாம். டேப் சொல்வது ஹெட்போன் போட்டவருக்கு மட்டும்தான் கேட்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் பெட்டியை நிறுத்தி, சரியா தவறா என்று நான் கத்த வேண்டும்.

"கை செய்ததை மட்டும் சொல்லும் தம்பி. காரணம், கதை ஒண்டும் வேண்டாம்," என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். "இது நல்லபடியாய் முடிஞ்சால் சிங்கப்பூரிலே என்ரை அறைக்கு ஒரு ஆள் வேணும். இந்த மெஷினைப் பார்த்துக்கொள்ள."

அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், நான் பாதிப் புரபசர் ஆகிவிட்டேன் என்று.

மாக் தெய்வா

எங்கள் காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிக் குடும்பங்கள் உண்டு. பல தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள். வீட்டில் மலாய்தான் பேச்சு. சாமி நம்ம சாமி, பெயர் நம்ம பெயர், தமிழ் மட்டும் பத்து வார்த்தைக்கு மேல் வராது. மாக் தெய்வா அந்தக் கூட்டத்து ஆள். 'மாக்' என்றால் அம்மா. புருஷன் இல்லை. காலையில் பலகாரம் விற்பார். தெருப் பிள்ளைகள் பெற்ற தாய் கத்தினால் திரும்ப மாட்டார்கள். மாக் தெய்வா இருமினால் வரிசையில் நிற்பார்கள்.

அப்போது சங்கத்தில் ஒரு பாலர் வகுப்பு திறக்கப் போகிறார்கள். அதை நடத்த ஒரு பெண் வேண்டும். மாக் தெய்வாவுக்கு அந்த வேலை மேல் உயிர். பலகாரக் கூடையைத் தலையிலிருந்து இறக்க வேறு வழி அவருக்கு இல்லை. சங்கத் தலைவர், ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் புரபசரம்மாவிடம் விட்டார். புரபசரம்மா முகம் பார்த்துச் சொல்ல மாட்டார். பரிசோதனையில் பன்னிரண்டுக்குப் பத்து மார்க்காவது எடுத்தவர் பெயரைத்தான் சொல்வேன் என்றார். பத்து யாருக்கும் வராவிட்டால் புக்கிட் பாருவிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

செருப்பு வசனத்துக்கு மாக் தெய்வா செருப்பை மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தவறு! தட்டு வசனத்துக்குத் தட்டை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "லூ கிலா கா?" என்று என்னைக் கேட்டார். உனக்குப் பைத்தியமா என்று. தவறு! மொத்தம் நாலு.

அந்த வாரம் வந்தவர்கள் எல்லோருக்கும், தமிழ் டேப் கேட்டவர்களுக்கும்தான், அதே நாலு. ஒரே ஒரு ஆள் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. சைக்கிள் கடை ராசு. என் கூட்டாளி. செருப்பைத் தட்டில் வைத்துவிட்டு, "குழம்பு எங்கடா?" என்று கேட்டவன்.

குழாயடியில்

பரிசோதனை முடிந்து வெளியே வந்த மாக் தெய்வா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "மணியம், 'தவறு' இத்து அப்பா?" நீ கத்தினாயே, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

ஐயோ, இந்த நாக்கு. "பாகுஸ்," என்றேன். நல்லது என்று அர்த்தம்.

மாக் தெய்வாவின் முகம் மலர்ந்துவிட்டது. பலகாரத்தில் பெரியதாக ஒன்று எடுத்து என் கையில் வைத்தார். வாழை இலை வாசனையோடு சுடச்சுட. தின்றேன். அதுதான் கேவலம், ரசித்துத் தின்றேன்.

மறுநாள் காலை குழாயடியில் தமிழ்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வாளியோடு நின்றார்கள். நானும் ராசுவும் எதிரே பசியாறிக்கொண்டிருந்தோம். மாக் தெய்வா கூடையோடு வந்து நின்று, நாலு விரலைக் காட்டி, பெருமையாகச் சொன்னார்: "குவா டாப்பாட் எம்பாட் தவறு!" எனக்கு நாலு தவறு கிடைச்சிருக்கு.

ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். இன்னொருத்தி பொத்தக்கூட இல்லை. வாளி எல்லாம் குலுங்கியது.

"அலமாக், என்னடா இது?" என்றான் ராசு. "அந்தம்மாகிட்ட என்னத்தச் சொல்லி வெச்ச?"

"சும்மா தமாஷ் லா."

"தமாஷா? கூறு கெட்டவனே, அந்தம்மா மூஞ்சியப் பாரு!"

பார்த்தேன். மாக் தெய்வாவின் நாலு விரலும் ஒவ்வொன்றாக மடங்கின. அந்தச் சிரிப்புக்கு யாரும் அவருக்கு அர்த்தம் சொல்லவில்லை. தெருவைத் தாண்டி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே போனார். அன்று பலகாரம் விற்கவே இல்லை.

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு சிரிப்பு எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! ஐந்தாம் வகுப்பு வாத்தியார், "இவனுக்குக் காது ரெண்டும் இருக்கு, நடுவுலதான் ஒண்ணுமில்ல," என்று சொல்ல, நாற்பது பையன்கள் சிரித்தார்கள். மறுவாரம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை.

புரபசரம்மா நாற்காலியில்

சனிக்கிழமை. பயிற்சிக்காரர்கள் இருபது பேர், முன் வரிசையில் சங்கத் தலைவர். புரபசரம்மா கரும்பலகையில் கட்டம் போட்டு மார்க்கை எழுதினார்.

"இந்தத் தெரு ஆட்கள் வசனத்தின்ரை முதல் பாதியைப் பிடிக்கினம். சாமான் எடுக்கிற சத்தம் உடனே கேக்குது. கடைசிப் பாதி வரும்போது விட்டுவிடுகினம்," என்றார். "பத்து எடுத்த பெண் ஒருத்தரும் இல்லை."

சங்கத் தலைவர் தலையை ஆட்டினார். "அப்ப புக்கிட் பாருலேருந்தே வரச் சொல்லிடலாங்க."

சிங்கப்பூர் அறை, வெள்ளைச் சட்டை, ரயில், எல்லாம் என் கண் முன்னால் ஒரு தடவை ஓடியது. எழுந்து நின்றேன். விளக்கமாகச் சொல்ல எனக்கு வார்த்தை வராது. வந்தது இவ்வளவுதான்.

"அம்மா, ஒரு தரம் நீங்க உக்காந்து கேளுங்களேன்."

"என்ன தம்பி, பகிடியோ?" கேலி பண்ணுகிறேனா என்று கேட்டார்.

"இல்லீங்க. இன்னைக்கு மட்டும் இல்லீங்க."

எதையோ யோசித்தவர், வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். முதல் வசனம், குடையைக் கூடைக்குள் போட்டார். இரண்டாவது, செம்பைத் தட்டில் வைத்தார். கை பறந்தது. அடுத்தது எது என்று எனக்குத் தெரியும்.

கை துடைப்பத்தை எடுத்தது. மேசைக்கு மேலே வந்தது. விளக்குக்கு ஒரு சாண் இருக்கும்போது அப்படியே நின்றது.

கை முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

எனக்குச் சொல்லிக் கொடுத்த முறைப்படியே, கை செய்ததை மட்டும் பார்த்து, கத்தினேன்.

"தவறு!"

புரபசரம்மா துள்ளினார். அந்தக் குடைக்கு வகுப்பு துள்ளியதே, அதே துள்ளல்.

எழுந்து போய்த் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாய்த்தார். திரும்பியவர் தன் கையைத் தானே பார்த்தார்.

"உப்பிடி எத்தினை?"

"நாலும்மா."

"எத்தினை பேர் இப்பிடிக் கொண்டு போய் வைச்சவை?"

"ராசு தவிர எல்லாரும்."

"அப்ப அந்தக் குழாய்ச் சத்தம்?"

"கை கழுவுனாங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "கடவுளே! குழாய் ஓடின நேரத்தையும் சேர்த்து, மூளை வேலை செய்த நேரம் எண்டெல்லோ எழுதிப்போட்டன்!"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"உமக்கு இது முதலிலேயே தெரியுமோ?"

"தெரியும்."

"ஏன் சொல்லயில்லை?"

"நீங்கதான் காரணம் வேணாம்னு சொன்னீங்க..." என்று ஆரம்பித்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் அது எலும்புத் துண்டு, கறி வேறே இருந்தது. "சிரிப்பா இருந்துச்சும்மா. இன்னொருத்தருக்குத் தவறு போட நல்லா இருந்துச்சு."

மாக் தெய்வாவிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். இருபது பேர் முன்னால்.

புரபசரம்மா துணியை எடுத்துப் பலகை முழுவதையும் அழித்தார். வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்கொள்ளுங்கோ. அவைக்குக் கடைசிச் சொல் வரைக்கும் விளங்கினது. எனக்குத்தான் விளங்கயில்லை." அப்புறம் என் பக்கம் திரும்பி, "தம்பி, மெஷினை மூடும். இனித் தொட வேண்டாம்," என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. அடுத்த வாரம் சாமான்களை மாற்றி, வேறு ஆளைப் பேசச் சொல்லி, எல்லோரையும் திரும்ப உட்கார வைத்தார். மாக் தெய்வாவுக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பாலர் வகுப்பு அவர் கைக்கு வந்தது. ராசுவின் பழைய மார்க் செல்லாது என்றதில் அவனுக்கு இன்றுவரை வருத்தம். வாழ்க்கையில் அவன் வாங்கிய ஒரே முழு மார்க் அதுதானாம்.

மறுபடியும் துடைப்பம்

பாலர் வகுப்பு திறந்த அன்று காலை, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். வழியெல்லாம் மலாயில் ஒரு வசனம் தயார் செய்தேன். மைக் பிடித்த வாய், கடன் வாங்கியாவது பேசிவிடும் என்று நம்பிக்கை.

சங்கத்து வாசலில் மாக் தெய்வா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பதினைந்து சின்ன முகங்கள். நான் வாயைத் திறந்தேன். அவர் ஒரு விரலை உயர்த்தினார். என் வாய் மூடிக்கொண்டது.

கதவுக்குப் பின்னால் கையை விட்டார். அந்தத் துடைப்பம் இன்னும் அங்கேயேதான் இருந்தது. எடுத்து என்னிடம் நீட்டினார். முற்றத்தைப் பார்த்தார். மாமரத்து இலை முழங்கால் அளவு கிடந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கடைசிச் சொல் வரைக்கும் விளங்கியது.

பெருக்கினேன். மைக் செட் மணியம், பாதிப் புரபசர், பதினைந்து பிள்ளைகள் பார்க்க, குனிந்து பெருக்கினேன். முடித்து நிமிர்ந்தேன்.

மாக் தெய்வா முற்றத்தின் மூலையில் கிடந்த ஓர் இலையைக் காட்டினார். யாரோ அவருக்கு அந்தத் தமிழ் வார்த்தையின் சரியான அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"தவறு," என்றார்.

பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். மறுபடி முதலிலிருந்து பெருக்கினேன். இன்னோர் இலை.

"தவறு."

மூன்றாவது முறை ஓர் இலையும் இல்லை. கட்டடக் கூரையை அண்ணாந்து பார்த்து யோசித்துவிட்டு, "தவறு," என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெருக்கினேன்.

நாலாவது தடவையும் அவர் வாயால் அதை வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்தார். குழாயடியைக் காட்டினார். நான் கை கழுவிவிட்டு வந்தபோது, வாழை இலையில் ஒரு பலகாரம் படியில் இருந்தது. சின்னதுதான்.